அலையைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்ஃபிங் பழக வருபவர்கள், நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்ததையே திரும்பச் செய்கிறார்கள். நீச்சல் தெரியாமல் இறங்காதே, பலகைக் கயிற்றைக் காலில் கட்டு என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அலை எங்கே, எப்படி உடையும் என்று கணிப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

உயரத்தை மட்டும் பார்ப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். முன்னறிவிப்பில் அலை உயரத்துக்குப் பக்கத்திலேயே விநாடிக் கணக்கில் ஓர் எண் இருக்கிறது. ஒரு முகடு கடந்தபின் அடுத்த முகடு வர ஆகும் நேரம் அது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

6 விநாடி அலைக்கு ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு சுமார் 56 மீட்டர். 14 விநாடி அலைக்கு 300 மீட்டருக்கும் மேல். இந்த நீளத்தில் பாதியளவுக்கு ஆழம் குறைந்ததுமே அலை தரையை உணரத் தொடங்கும். அதாவது முதலாவது 28 மீட்டர் ஆழத்தில், இரண்டாவது 150 மீட்டர் ஆழத்திலேயே. அப்புறம் வேகம் குறையும், பின்னால் வரும் முகடு நெருங்கும், கரையை ஒட்ட ஒட்ட உயரம் கூடும். ஆழ்கடலில் இரண்டும் 1 மீட்டர் உயரம்தான் என்றாலும், உடையும் இடத்தில் முதலாவது 1.25 மீட்டர் அளவில் இருக்கும், இரண்டாவது 1.75 மீட்டரை எட்டும். உடையும் விதமும் வேறு. ஒரே சரிவில் 6 விநாடி அலை நுரையாக வழிந்தால், 14 விநாடி நீண்ட அலை சட்டென்று நிமிர்ந்து, சுருண்டு, மொத்தமாக விழும்.

"நேற்றும் 1 மீட்டர்தானே, அண்ணா" என்று ஒரு பையன் கிளம்பினான். நேற்று 6 விநாடி, அன்று 14. அவன் பார்த்தபோது கடல் தட்டையாகக் கிடந்தது. நீண்ட அலைகள் கூட்டமாக வரும், நடுவில் பல நிமிடம் ஒன்றுமே இருக்காது. மணல் திட்டின் வெளி விளிம்பை அவன் தொட்டபோது கூட்டம் வந்தது. நெஞ்சளவு நீர் இடுப்புக்குக் கீழே இறங்கியது, முகடு தலைக்கு மேல் வளைந்தது. பலகை இரண்டாகப் போனது, தோள் மூட்டு விலகியது. அந்த எண்ணைப் படிக்க அரை நிமிடம் ஆகியிருக்காது.

அலை உடையாத இடத்தை நம்புவது

ஓரிடத்தில் மட்டும் அலை உடையவில்லை என்றால் அங்கே பள்ளம். இருபுறமும் உடைந்து ஏறிய நீர் அதன் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். மாட்டிக்கொண்டால் அதை எதிர்த்து நீந்தாதீர்கள். பக்கவாட்டில், நுரை தெரியும் பக்கம் போங்கள்.

ஆழம் தெரியாமல் தலைகீழாகப் பாய்வது

அலை தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். 1 மீட்டர் அலை உடைகிறதா, அங்கே ஆழம் அவ்வளவுதான்.

நேற்று உடைந்த இடத்திலேயே காத்திருப்பது

திட்டு நகரும், நீர்மட்டமும் மாறும்.

கடலுக்கு முதுகு காட்டுவது

கூடவே கூடாது.