திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் பத்மநாபபுரம் அரண்மனை

திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய அரண்மனையான பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பஸ்ஸில் போய்வருவது எளிது. பலர் கோட்டைவிடுவது நேரத்தில்தான். காலை 9 முதல் 1 மணி வரையும், பிற்பகல் 2 முதல் 4.30 வரையும் அரண்மனை திறந்திருக்கும். திங்கட்கிழமை விடுமுறை, தேசிய விடுமுறை நாட்களிலும் திறப்பதில்லை. நிதானமாகப் பார்க்க இரண்டரை மணி நேரமாவது வேண்டும். பன்னிரண்டு மணிக்கு வாசலில் இறங்குகிறவர் பாதியைக்கூட ரசிக்க முடியாது. மதிய இடைவேளைக்கு முன் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆகவே 9 மணிக்கு உள்ளே நுழைவது என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வண்டி பிடியுங்கள்.

அரண்மனை இருப்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே. 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே நீடித்தது. இன்றும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். விடுமுறையோ நேரமோ சந்தேகமாக இருந்தால் அந்தத் துறையிடம் கேளுங்கள், தமிழ்நாட்டுச் சுற்றுலா அலுவலகத்தில் அல்ல.

திருவனந்தபுரத்தில் வண்டி ஏற வேண்டிய இடம் தம்பானூர் பஸ் நிலையம், மத்திய ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே. நாகர்கோவில் போகும் கேரள அரசு பஸ்ஸும் தமிழ்நாடு அரசு பஸ்ஸும் இங்கிருந்து கிளம்புகின்றன. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகத் தக்கலை வரும். ஏறுமுன் நடத்துநரிடம், "தக்கலை வழியா? தக்கலையில் நிற்குமா?" என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். குளச்சல் பக்கம் கடற்கரையை ஒட்டிப் போகும் வண்டி தக்கலையைத் தொடாது. சில வண்டிகள் எல்லையான களியக்காவிளையோடு நின்றுவிடும். அப்படி ஆனாலும் கவலையில்லை. அங்கிருந்து நாகர்கோவில் பக்கம் போகும் வேறொரு வண்டி கிடைக்கும், நேரம்தான் கூடுதலாக ஆகும்.

தூரம் ஐம்பது கிலோமீட்டரை ஒட்டித்தான். ஆனால் வழி முழுக்க ஊர்கள், கடைத்தெருக்கள். பாலராமபுரம் சந்திப்பிலும் மார்த்தாண்டத்திலும் வண்டி ஊர்ந்துதான் போகும். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகக் கணக்கு வைக்காதீர்கள். காலை ஆறரைக்கு ஏறிவிட்டால் பள்ளி, அலுவலக நெரிசல் தொடங்குமுன் பாதி தூரம் கடந்திருப்பீர்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலை விரும்புவோர் திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதையில் இரணியல் நிலையத்தில் இறங்கலாம். பல விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை, நின்றாலும் தக்கலைக்கு இன்னும் சில கிலோமீட்டர் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போயாக வேண்டும். நேரம் கச்சிதமாக அமைந்தாலொழிய பஸ்தான் மேல்.

தக்கலையில் இறங்கியதும் நெடுஞ்சாலையை விட்டு விலகி, குலசேகரம் போகும் சாலையில் சுமார் இரண்டு கிலோமீட்டர். நடந்தால் அரை மணிக்குள் ஆகிவிடும், காலை வெயிலுக்கு முன் நடக்கலாம். பெரியவர்கள் கூட இருந்தால் ஆட்டோ எடுங்கள், ஏறுமுன் கூலி பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போகும் உள்ளூர் பஸ்ஸும் உண்டு. வழியில் பழைய கோட்டைச் சுவர் தெரியும். அரண்மனை அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது.

நுழைவுச் சீட்டு, கேமராவுக்குத் தனிச் சீட்டு, இரண்டையும் வாசலிலேயே வாங்கிவிடுங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். இடையிடையே முற்றங்களின் கல்தரையைக் கடக்க வேண்டியிருக்கும். நண்பகலில் அது காலைச் சுடும். காலையில் போகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே ஒருவழிப் பாதை. அறைக்கு அறை பணியாளர்கள் நிற்பார்கள், கேட்டால் தமிழிலும் சொல்வார்கள். கூட்டத்தின் பின்னால் இழுபட்டுப் போனால் ஓர் அறையை விட்டுவிடுவீர்கள், திரும்பி வர முடியாது. பெரிய குழு வந்தால் ஓரமாக நின்று அதை முன்னே விட்டுவிடுங்கள். வெளிவெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு அறைகள் இருட்டாகத்தான் தெரியும். ஒரு நிமிடம் நின்றபின் மரவேலை துலங்கும்.

முதலில் பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். நிமிர்ந்து பாருங்கள். மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பார்கள். அங்கே தொங்கும் குதிரை விளக்கையும் அதன் சங்கிலியையும் கவனியுங்கள். இங்கிருந்து செங்குத்தான, குறுகிய மரப்படி மேலே மந்திரசாலைக்குப் போகிறது. மன்னரின் ஆலோசனை மண்டபம் அது. மரச் சட்டங்களின் இடைவெளி வழியே காற்றும் மெல்லிய வெளிச்சமும் வரும்படி கட்டியிருக்கிறார்கள். வெளியே வேகும்போதும் உள்ளே குளிர்ச்சிதான். கருப்பாகப் பளபளக்கும் தரையில் குனிந்து உங்கள் நிழலைப் பாருங்கள். சுண்ணாம்பு, கரித்த சிரட்டை, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்று சொல்வார்கள்.

இந்தப் படிகள்தான் முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிக்கல். கைப்பிடி குறைவு, நிலைவாசல்கள் தாழ்வு. உயரமானவர்கள் தலையில் இடித்துக்கொள்வது அன்றாடம் நடப்பது. படி ஏற முடியாதவர்கள் முதலிலேயே பணியாளரிடம் சொன்னால் கீழ்த்தளப் பகுதிகளை மட்டும் பார்க்க வழி காட்டுவார்கள்.

அடுத்து ஊட்டுப்புரை. ஆயிரம் பேர் உட்கார்ந்து உண்ணக்கூடிய நீண்ட கூடம் மாடியிலும் கீழுமாக இருக்கிறது. பிறகு தாய்க்கொட்டாரம் (கொட்டாரம் என்றால் அரண்மனை), இருப்பதிலேயே பழைய பகுதி. 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் தொடங்கிய அரண்மனையின் ஆதி முகம் இங்கேதான் தெரிகிறது. ஒரே பலாமரத்தில் குடைந்த கன்னித்தூணைத் தொடாமல் சுற்றிவந்து பாருங்கள். இந்த ஒரு தூணுக்காக மட்டும் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

உப்பிரிகை மாளிகை நான்கு அடுக்கு. 18ஆம் நூற்றாண்டில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா காலத்தில் எழுந்தது. மூலிகை மரங்களால் ஆன கட்டில் இங்கே இருக்கிறது. மேல் அடுக்கில் பூஜை அறையும் சுவரோவியங்களும் உண்டு, ஆனால் ஓவியங்களைக் காப்பதற்காகப் பொதுவாக யாரையும் ஏறவிடுவதில்லை. கேட்டு வாதாடாதீர்கள், மூச்சின் ஈரமும் விளக்கொளியும் அந்த வண்ணங்களைக் கெடுக்கும். படமெடுக்கும் இடங்களிலும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

நீண்ட தாழ்வாரங்களைக் கடந்து கடைசியில் நவராத்திரி மண்டபம். இதுவரை மரமாகவே இருந்தது இங்கே கல்லாக மாறும். மரச் சல்லடைக்குப் பின்னால் அரசகுலப் பெண்கள் இருந்து கச்சேரி பார்த்த இடத்தையும் கேட்டுப் பாருங்கள். நவராத்திரிக்கு முன் சரஸ்வதி, முருகன், முன்னுதித்த நங்கை அம்மன் விக்கிரகங்கள் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படும். ஊர்வலத்தைப் பார்க்க விரும்பினால் அருமையான நாள். அரண்மனை அறைகளைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் அந்த நாளைத் தவிருங்கள், சாலையும் வளாகமும் நிறைந்துவிடும்.

பலர் இத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். வளாகத்திலேயே தெற்குக்கொட்டாரமும், கல்வெட்டுகளும் சிற்பங்களும் வைத்த அருங்காட்சியகமும் இருக்கின்றன. அவற்றுக்கு அரை மணி கொடுங்கள்.

பிற்பகல் மிச்சமிருந்தால், தக்கலையிலிருந்து நாகர்கோவில் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, நெடுஞ்சாலையிலேயே புலியூர்க்குறிச்சியில் இறங்குங்கள், சிறிது தூரம்தான். உதயகிரிக் கோட்டை அங்கே. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மாவின் படைக்குப் பயிற்சி தந்த டச்சுப் படைத்தலைவர் டி லனாயின் கல்லறை அதற்குள் இருக்கிறது.

திரும்பும்போது மாலை நான்குக்கு முன் தக்கலையில் வண்டி பிடித்தால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஐந்துக்கு மேல் மார்த்தாண்டம் வரை நின்றுகொண்டே வர நேரிடும். திருவனந்தபுரம் வண்டி நிரம்பி வந்தால், களியக்காவிளை வரை போகும் வண்டியில் ஏறி, எல்லையில் கேரள பஸ்ஸுக்கு மாறிக்கொள்ளலாம்.