ஷேல் எரிவாயுச் செய்தியைக் கொண்டு உலக எரிசக்திச் சந்தையைக் கணிப்பது எப்படி?

2022 ஆகஸ்டில் அமெரிக்க எரிவாயு விலைக்கு அளவுகோலான ஹென்றி ஹப் மையத்தில் பத்து லட்சம் பி.டி.யு. (வெப்ப ஆற்றலின் அலகு) எரிவாயு சுமார் 9 டாலருக்கு விற்றது. அதே மாதத்தின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் டி.டி.எஃப். சந்தையில் ஒரு மெகாவாட் மணி எரிவாயுவின் விலை 300 யூரோவைக் கடந்தது. ஒரே அலகுக்கு மாற்றிப் பார்த்தால் அது அமெரிக்க விலையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அமெரிக்காவில் ஷேல் என்னும் இறுக்கமான பாறைகளிலிருந்து எரிவாயு வருவதில் அப்போது குறைவேதும் இல்லை. ஷேல் உற்பத்தி பெருகினால் உலக விலை குறையும் என்ற எளிய சூத்திரம் இங்கே உடைகிறது. ஆனால் 2009-இலும் 2020-இலும் அதே சூத்திரம் பெருமளவு பலித்தது. எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதை முடிவுசெய்வது உற்பத்தியின் அளவு மட்டும் அன்று. கிணற்றிலிருந்து கடல் கடந்த நாட்டின் மின்நிலையம் வரை செல்லும் வழியில் எந்த இடம் அடைபட்டிருக்கிறது என்பதே. ஒரு ஷேல் செய்தி கண்ணில் பட்டால் அதன் உலகத் தாக்கத்தை எந்த வரிசையில் சோதித்துப் பார்ப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் அலகுகளை ஒன்றாக்குங்கள்

அமெரிக்காவில் விலை பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு இத்தனை டாலர் என்றும், ஐரோப்பாவில் மெகாவாட் மணிக்கு இத்தனை யூரோ என்றும், பிரிட்டனில் தெர்ம் என்ற ஆற்றல் அலகுக்கு இத்தனை பென்ஸ் என்றும் சொல்லப்படுகிறது. வடகிழக்கு ஆசியாவுக்கான ஜே.கே.எம். விலை அமெரிக்க அலகிலேயே வருகிறது. ஒரு மெகாவாட் மணி என்பது 34.12 லட்சம் பி.டி.யு.; ஆகவே யூரோ விலையை 3.412-ஆல் வகுத்து, அன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கினால் டாலர் விலை கிடைத்துவிடும். டி.டி.எஃப். விலை 30 யூரோவாகவும் ஒரு யூரோ 1.10 டாலராகவும் இருந்தால் விடை சுமார் 9.70 டாலர். கச்சா எண்ணெயுடன் ஒப்பிட வேண்டுமானால், ஒரு பீப்பாயில் ஏறக்குறைய 58 லட்சம் பி.டி.யு. ஆற்றல் உண்டு என்பதை நினைவில் வைத்தால் போதும். 2022-இன் அந்த 300 யூரோவை இப்படி மாற்றினால் பீப்பாய் 500 டாலர் என்று வருகிறது. அந்தக் கோடையில் ஐரோப்பா எவ்வளவு நெருக்கப்பட்டது என்பது இந்த எண்ணைக் கண்ட பிறகே உறைக்கும்.

அளவுக்கும் ஒரு மாற்றல் தேவை. அமெரிக்கச் செய்திகள் நாளொன்றுக்கு இத்தனை கன அடி என்று பேச, எல்.என்.ஜி. எனப்படும் திரவ இயற்கை எரிவாயு வணிகம் ஆண்டுக்கு இத்தனை டன் என்று பேசுகிறது. நாளொன்றுக்கு 100 கோடி கன அடி என்பது ஆண்டுக்குச் சுமார் 76 லட்சம் டன்.

கிணற்றுச் செய்தியை எப்படி எடைபோடுவது

ஷேல் என்பது எரிவாயுவைத் தன்னுள் வைத்துக்கொண்டு வெளியே விடாத மிக இறுக்கமான படிவுப் பாறை. டெக்சாஸின் பார்னெட் பகுதியில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் 1990-களின் இறுதியில் நீரை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்கும் முறையை மலிவாக்கியது. 2002-இல் அந்த நிறுவனத்தை வாங்கிய டெவன் எனர்ஜி அதனுடன் கிடைமட்டத் துளையிடலைப் பெரிய அளவில் இணைத்தது. பிறகு பென்சில்வேனியாவின் மார்செல்லஸ், லூசியானாவின் ஹேன்ஸ்வில் என வரிசையாகப் பரவிய இந்த முறையால், 2005-இல் ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் கோடி கன அடியாக இருந்த அமெரிக்க உற்பத்தி 2023-இல் 38 லட்சம் கோடியை நெருங்கியது.

இந்த வளர்ச்சியைக் கண்காணிக்கப் பலரும் நாடுவது, பேக்கர் ஹியூஸ் நிறுவனம் வாரந்தோறும் வெளியிடும் ரிக் (துளையிடும் எந்திரம்) எண்ணிக்கையை. அதைத் தனியாக நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. 2008-இல் எரிவாயுவுக்காகத் துளையிட்ட ரிக்குகள் 1,600-ஐத் தாண்டியிருந்தன. 2024-இல் அவை சுமார் 100 மட்டுமே. உற்பத்தியோ இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. ஒவ்வொரு கிணறும் நீண்டு, கூடுதல் எரிவாயு தரத் தொடங்கியது ஒரு காரணம். டெக்சாஸ், நியூ மெக்சிகோ மாநிலங்களில் பரந்துள்ள பெர்மியன் படுகையில் எண்ணெய்க்காகத் தோண்டிய கிணறுகளிலிருந்தும் எரிவாயு உடன்வருவது மற்றொன்று. இந்த உடன்வரு எரிவாயு, எரிவாயு விலையைப் பொருட்படுத்துவதில்லை; எண்ணெய் விலை நன்றாக இருக்கும்வரை அது வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு செய்தி பெர்மியனைப் பற்றியதா, ஹேன்ஸ்வில்லைப் பற்றியதா என்பதை முதலில் பாருங்கள். முன்னதற்கு எண்ணெய் விலையையும், பின்னதற்கு ஹென்றி ஹப் விலையையும் வைத்தே அடுத்த ஆண்டைக் கணிக்க முடியும்.

ஷேல் கிணறு முதல் ஆண்டிலேயே தன் தொடக்க உற்பத்தியில் பாதிக்கு மேல் இழந்துவிடுவது வழக்கம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். புதிய கிணறுகள் நின்றால் உற்பத்தி விரைவில் சரியும், விலை ஏறினால் மீண்டும் எழும். பழைய பெருவயல்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒரே அளவில் தந்துகொண்டிருப்பவை. ஷேல் அப்படியன்றி, விலைக்கு மாதக் கணக்கில் பதில் சொல்லும் வழங்கலாக இருக்கிறது.

குழாய்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மேற்கு டெக்சாஸின் வாஹா மையத்தில் 2019-இலும், 2024-இல் பல நாட்களிலும், எரிவாயு விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. அதாவது எரிவாயுவை எடுத்துச் செல்வதற்கு விற்பவரே பணம் கொடுத்தார். வெளியே கொண்டுபோகும் குழாய்கள் நிரம்பிவிட்டதே காரணம். இத்தகைய செய்தி உலகச் சந்தைக்கு எந்த மலிவையும் சொல்லவில்லை. புதிய குழாய் எப்போது திறக்கிறது என்ற தேதியே அதில் தேட வேண்டியது.

திரவமாக்கும் ஆலையில்தான் விடை இருக்கிறது

எரிவாயுவைச் சுமார் மைனஸ் 162 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால் அதன் கனஅளவு 600-இல் ஒரு பங்காகச் சுருங்கிக் கப்பலேறத் தகுதி பெறுகிறது. இதைச் செய்யும் ஆலைகளுக்குப் பல நூறு கோடி டாலரும் பல ஆண்டுகளும் வேண்டும். ஆகவே ஒரு குறிப்பிட்ட ஆண்டில் அமெரிக்க ஷேல் உலகச் சந்தையைத் தொடக்கூடிய உச்ச அளவு, அந்த ஆண்டில் இயங்கும் ஆலைகளின் கொள்ளளவுதான். லூசியானாவின் சபீன் பாஸ் ஆலையிலிருந்து முதல் ஏற்றுமதிச் சரக்கு 2016 பிப்ரவரியில் கிளம்பியது. இறக்குமதி முனையமாக 2008-இல் திறக்கப்பட்ட அதே இடம் அது என்பதை ஷேல் வரலாற்றின் சிறந்த நகைமுரணாகச் சொல்லலாம். 2023-இல் அமெரிக்கா உலகின் முதல்நிலை எல்.என்.ஜி. ஏற்றுமதி நாடானது.

ஆலைகள் முழு வேகத்தில் ஓடும்போது அமெரிக்க விலையும் உலக விலையும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துவிடும். இதற்கான சோதனை 2022 ஜூன் 8 அன்று தானாகவே நடந்தது. டெக்சாஸின் ஃப்ரீபோர்ட் ஆலை ஒரு வெடிவிபத்துக்குப் பின் மூடப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 200 கோடி கன அடி எரிவாயு வெளியேறும் வழி அடைபட்டது. வெளியேற முடியாத எரிவாயு உள்நாட்டில் தேங்கியதால் அதே மாதத்துக்குள் ஹென்றி ஹப் விலை 9 டாலருக்கு மேலிருந்து 6 டாலருக்குக் கீழே இறங்கியது. ஐரோப்பாவிலோ விலை ஏறியது. அந்த ஏற்றத்தில், ஜூன் நடுவில் நார்ட் ஸ்ட்ரீம் குழாய் வழியான ரஷ்ய வழங்கல் குறைக்கப்பட்டதற்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆலை நிற்கும் செய்தியைப் படிக்கும்போது, உள்நாட்டுக்கு ஒரு திசையிலும் வெளிநாட்டுக்கு எதிர்த்திசையிலும் விலை நகரும் என்று எதிர்பார்ப்பதே முறை.

அடுத்து, அமெரிக்கச் சரக்கின் அடக்கவிலையை நீங்களே போட்டுப் பாருங்கள். சபீன் பாஸ் ஒப்பந்தங்கள் தொடங்கிவைத்த சூத்திரம், ஹென்றி ஹப் விலையில் 115 விழுக்காடும் அதன்மேல் ஒரு நிலைக் கட்டணமும் ஆகும். எடுத்துக்காட்டாக ஹென்றி ஹப் 3 டாலர், நிலைக் கட்டணம் 2.50 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஆலை வாயிலில் விலை 3.45 கூட்டல் 2.50, அதாவது 5.95 டாலர். ஐரோப்பாவுக்குக் கப்பல் செலவு 1 டாலர் என்று கொண்டால் மொத்தம் 6.95. ஐரோப்பிய விலை இதற்கு மேல் நீண்டகாலம் நின்றால் புதிய ஆலைகள் கட்ட முதலீடு வரும்.

ஆனால் ஏற்கெனவே ஒப்பந்தம் செய்தவர் வேறு கணக்குப் போடுகிறார். சரக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக் கட்டணத்தை அவர் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், ஐரோப்பிய விலை 3.45 கூட்டல் 1, அதாவது 4.45 டாலருக்கு மேல் இருக்கும்வரை சரக்கை எடுப்பதே அவருக்கு ஆதாயம். அதற்கும் கீழே விலை விழுந்தால் சரக்கை ரத்து செய்வார். 2020 கோடையில், பெருந்தொற்றால் தேவை சரிந்து ஐரோப்பிய, ஆசிய விலைகள் 2 டாலர் அளவுக்கு இறங்கியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சரக்குகள் இப்படித்தான் ரத்தாயின. விலை மிகவும் தாழும்போது அதற்குத் தரையாகவும், ஆலைகளில் இடமிருக்கும்போது உயர்வுக்குக் கூரையாகவும் ஹென்றி ஹப் விலை செயல்படுவது இந்தக் கணக்கின் வழியாகத்தான். 2022-இல் அந்தக் கூரை இல்லாமல் போனதன் காரணம், ஆலைகளில் இடமே இல்லாதது.

சரக்கு நகராமலேயே வரும் தாக்கங்கள்

ஒரு துளி ஷேல் எரிவாயுவும் கப்பலேறாத காலத்திலேயே உலகச் சந்தை மாறத் தொடங்கிவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2000-களில் கத்தார் பெரும் எல்.என்.ஜி. ஆலைகளைக் கட்டியபோது, அவற்றின் சரக்கில் ஒரு பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகும் என்றே கருதப்பட்டது. அமெரிக்காவுக்கு அது தேவைப்படாமல் போகவே, 2009 முதல் சரக்குகள் ஐரோப்பாவை நோக்கித் திரும்பின. பொருளாதாரச் சரிவால் ஏற்கெனவே தேவை குன்றியிருந்த ஐரோப்பாவில் உடனடிச் சந்தை விலை, எண்ணெய் விலையுடன் பிணைக்கப்பட்ட நீண்டகால ஒப்பந்த விலைக்கு வெகுவாகக் கீழே இறங்கியது. கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருந்த ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவின் அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் உள்ளிட்ட விற்பனையாளர்களிடம் ஒப்பந்தங்களைத் திருத்தக் கோரிப் பல சலுகைகளைப் பெற்றன. ஆகவே ஒரு நாடு இறக்குமதியை நிறுத்துகிறது என்ற செய்தியை, புதிய ஏற்றுமதி நாடு ஒன்று தோன்றியதற்குச் சமமாகவே மதிப்பிட வேண்டும்.

நிலக்கரியிலும் இதே போக்கைக் காணலாம். 2005-இல் அமெரிக்க மின்சாரத்தில் பாதி நிலக்கரியிலிருந்து வந்தது. 2023-இல் அது சுமார் 16 விழுக்காடு. மலிவான எரிவாயுவால் மின்நிலையங்களை இழந்த நிலக்கரி, சுரங்கத்திலேயே தங்கிவிடவில்லை. 2012-இல் அமெரிக்க நிலக்கரி ஏற்றுமதி உச்சத்தை எட்டியது. அதில் கணிசமான பகுதி ஐரோப்பாவில் எரிந்தது. அமெரிக்காவில் கரிம உமிழ்வு குறைந்தது என்ற வாசகத்தைப் படிக்கும்போது இந்தப் பகுதியையும், கிணறுகளிலும் குழாய்களிலும் கசியும் மீத்தேனையும் கழித்துப் பார்ப்பது நேர்மையான கணக்காகும்.

எண்ணெய் வழியான தாக்கம் இன்னும் சுற்றுவழியானது. அதே துளையிடும் நுட்பம் எண்ணெய் உற்பத்தியையும் பெருக்கியது. 2014 நவம்பரில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் உற்பத்தியைக் குறைக்க மறுத்தது. அந்த ஆண்டு ஜூனில் பீப்பாய்க்கு 115 டாலரைத் தொட்டிருந்த, உலக விலைக்கு அளவுகோலான பிரென்ட் எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே விழுந்தது. ஆசியாவின் எல்.என்.ஜி. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் எண்ணெய் விலையின் ஒரு குறிப்பிட்ட விழுக்காடாகவே எழுதப்பட்டிருந்தன. 14 விழுக்காடு என்றால், எண்ணெய் 100 டாலராக இருக்கும்போது எரிவாயு 14 டாலர். எண்ணெய் 50 ஆனால் எரிவாயு 7. ஜப்பானின் சராசரி இறக்குமதி விலை 2014-இல் இருந்த சுமார் 16 டாலரிலிருந்து 2016-இல் 7 டாலர் அளவுக்கு இறங்கியதில் இந்தப் பிணைப்பே முதன்மையான பங்கு வகித்தது. இத்தகைய ஒப்பந்தங்களில் எண்ணெய் விலை சில மாதங்கள் தாமதமாகவே பிரதிபலிக்கும் என்பதால், இன்றைய எண்ணெய் விலையைக் கொண்டு இன்றைய எரிவாயு விலையை விளக்க முயல வேண்டாம்.

பிற நாடுகளின் வள மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம்

மிகக் குறைவாக. 2011-இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் போலந்தில் எடுக்கத்தக்க ஷேல் எரிவாயு சுமார் 5.3 லட்சம் கோடி கன மீட்டர் என்று மதிப்பிட்டது. அடுத்த ஆண்டே அந்நாட்டின் நிலவியல் கழகம், பெரும்பாலும் 0.35 முதல் 0.77 லட்சம் கோடிக்குள் இருக்கலாம் என்றது. சோதனைக் கிணறுகள் ஏமாற்றமளிக்க, எக்ஸான்மொபில் 2012-இல் வெளியேறியது. பிறகு மற்றவையும் வெளியேறின. பிரான்ஸ் 2011-இலேயே நீர்விரிசல் முறையைத் தடைசெய்துவிட்டது. சீனா சிச்சுவான் படுகையில் உண்மையாகவே வெற்றி கண்டது. ஆயினும் 2020-க்கு முதலில் எண்ணியிருந்த 6,000 முதல் 10,000 கோடி கன மீட்டர் என்ற இலக்குக்கு மாறாக, அந்த ஆண்டு எடுத்தது சுமார் 2,000 கோடிதான். அர்ஜென்டினாவின் வாக்கா முயெர்ட்டா ஷேல் பகுதியில் பாறை சிறப்பானது. நெடுங்காலம் அதைத் தடுத்தவை குழாயும் மூலதனமும்தான்.

அமெரிக்காவில் பல இடங்களில் நிலத்தடி வளம் நிலத்தின் உரிமையாளருக்கே சொந்தம். ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்களும், எவரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தக்கூடிய குழாய் வலையமைப்பும் அங்கே ஏற்கெனவே இருந்தன. ஒரு புதிய நாட்டைப் பற்றிய அறிவிப்பு வரும்போது பாறையின் அளவைத் தள்ளிவைத்துவிட்டு, நிலத்தடி உரிமை யாரிடம் உள்ளது, குழாயில் இடம் உண்டா, ஓராண்டில் எத்தனை கிடைமட்டக் கிணறுகள் முடிக்கப்பட்டன என்று பாருங்கள். ஷேல் வயலொன்றைத் தொடர்ந்து இயக்கவே ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கிணறுகள் தேவைப்படும் என்பதால், அந்த எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் நிற்கும்வரை அந்நாட்டின் மதிப்பீட்டை உங்கள் விலைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.