மங்கிய படம்: தவறு எங்கே நடக்கிறது?

50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் கைக்கு வந்ததும் பலர் அதை 1.8-லேயே வைத்துவிடுகிறார்கள். எம்எம் என்பது லென்ஸின் குவிய தூரம், அது கூடக் கூட தூரத்து ஆள் பெரிதாகத் தெரிவார். எஃப் எண் ஒளி நுழையும் துளையின் (அப்பெர்ச்சர்) அளவு, எண் சிறிதானால் துளை பெரிது. நானும் மாதக்கணக்கில் அப்படித்தான் எடுத்தேன். பின்னணி கரைந்து நிற்பது அவ்வளவு அழகு. ஆனால் பெரிய சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் தகடு) உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரை இப்படி எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர்தான். கண் துல்லியமாக இருக்கும், காது மங்கிவிடும். ஒருவரைத் தனியாக எடுக்கும்போது அது பரவாயில்லை. இரண்டு வரிசையாக நிற்கும் கூட்டத்தை எடுத்தால்? மூன்று மீட்டர் தள்ளிப் போனாலும் 1.8-ல் கிடைப்பது 40 சென்டிமீட்டர் அளவுதான். பின்வரிசை முகங்கள் போய்விடும். 5.6-க்கு மாற்றுங்கள், ஒரு மீட்டருக்கு மேல் கிடைக்கும். அதே ஆட்கள் மறுபடி ஒன்றாக வந்து நிற்பார்களா என்பது தெரியாது, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

சரி, எல்லாம் தெளிவாக வரட்டும் என்று 22-க்குப் போவதும் தவறுதான். துளை மிகச் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும், படம் முழுவதும் லேசாக மென்மையாகிவிடும். பெரும்பாலான லென்ஸ்கள் 5.6-லிருந்து 8-க்குள் நன்றாக வேலை செய்யும்.

மங்கிய படத்தைப் பார்த்ததும் ‘ஃபோகஸ் சரியில்லை’ என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வேறு ஏதாவது ஒரு பொருள் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் இடம் மாறியிருக்கிறது. சுவர், நாற்காலி எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால், ஆள் நகர்ந்திருக்கிறார். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கை ஆட்டத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 200 எம்எம் என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/200 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்க வேண்டும். 1.5 மடங்கு கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிட அந்த அளவு சிறியது) என்றால் 1/300-க்கு மேல். லென்ஸில் ஆட்டத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் இன்னும் மெதுவாகப் போகலாம். ஆனால் அது உங்கள் கையைத்தான் பிடிக்கும், ஓடும் குழந்தையை அல்ல. அதற்கு 1/500 வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓ-வை (ஒளி உணர்திறன் அளவை) ஏற்றுங்கள், தயங்க வேண்டாம். அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பிறகு ஓரளவு குறைத்துக்கொள்ளலாம், இழுபட்ட முகத்தை மீட்பது கடினம்.

அப்புறம் லென்ஸ். 24 எம்எம்-மில் முகத்துக்கு மிக அருகே போய் எடுத்து, மூக்கு பெரிதாகிவிட்டது என்று லென்ஸைக் குறை சொல்பவர்கள் உண்டு. காரணம் தூரம். முதலில் எவ்வளவு தள்ளி நிற்பது என்று முடிவு செய்யுங்கள், முகம் என்றால் இரண்டு மீட்டராவது. லென்ஸை அதற்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கலாம்.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸில் கவனிக்க வேண்டியது ஒன்று. 18-ல் 3.5 ஆக இருக்கும் அப்பெர்ச்சர், 55-க்குப் போனதும் 5.6 ஆகிவிடும். சென்சாரை அடையும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போகும். ஆட்டோவில் வைத்திருந்தால், கை ஆட்டம் அதிகம் தெரியும் அந்த முனையில்தான் ஷட்டரும் மெதுவாகிவிடும். மங்கலான அறையில் முகத்தை எடுப்பதென்றால் 55-லேயே இருங்கள், ஷட்டரை 1/125-க்குக் கீழே விடாதீர்கள். முழு ஆளையும் எடுப்பதென்றால் 55 தேவையில்லை, 24-க்கு வந்து தேவையான அளவு முன்னால் போனாலே போதும்.