குளிர் நாட்டில் மல்பெரி: கன்று வாங்கும்போதே நடக்கும் தவறுகள்

மல்பெரி பட்டுப்போனால் எல்லோரும் குளிரைத்தான் திட்டுவார்கள். பாதிக் கதை கன்று வாங்கிய அன்றே முடிந்திருக்கும். விரல் நீளப் பழத்தின் படத்தைப் பார்த்து மயங்கிப் பாகிஸ்தான் மல்பெரியை வாங்கி, மைனஸ் 20 டிகிரி வரை போகக்கூடிய டொரண்டோவில் தோட்டத்து மண்ணில் நட்டால், அது பிழைக்காது.

'கறுப்பு மல்பெரி' என்ற பெயரும் ஆளை ஏமாற்றும். கறுப்பாகப் பழுப்பதெல்லாம் கறுப்பு மல்பெரி இனம் அல்ல. வெள்ளை மல்பெரி இனத்திலேயே கறுத்த பழம் தரும் மரங்கள் உண்டு. உண்மையான கறுப்பு இனத்தின் சுவைக்கு ஈடில்லைதான், ஆனால் மைனஸ் 18-க்குக் கீழே அதை நம்ப முடியாது. நான் வாங்கச் சொல்வது இல்லினாய் எவர்பேரிங் என்ற ரகம். இல்லினாய் மாநிலத்தில் கண்டெடுத்த, சிவப்பு மல்பெரியும் வெள்ளை மல்பெரியும் கலந்த மரம் அது. மைனஸ் 30-ஐ ஒட்டிய குளிரையும் தாங்கும், பல வாரங்கள் விட்டுவிட்டுப் பழுக்கும். ஒன்று மட்டும்: கனடாவின் சொந்த மரமான சிவப்பு மல்பெரி, வெள்ளை இனத்தோடு கலந்தே அருகி வருகிறது. ஒன்டாரியோவின் தென்கோடியில், பாயிண்ட் பீலி பக்கம் வீடு என்றால் வெள்ளையும் வேண்டாம், கலப்பும் வேண்டாம்.

வேலியோரம் தானாக முளைத்த கன்று இலவசம்தானே என்று பிடுங்கி நடுகிறவர்களும் உண்டு. அது ஆண் மரமாகவும் இருக்கலாம். அது தெரியவே சில வருடம் ஆகும், அப்புறம் இலையை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒட்டுக்கன்றோ, நல்ல மரத்தின் குச்சியில் வேர்விட்ட கன்றோ வாங்குங்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு வேறு. மே மாதம் ஆப்பிள் துளிர்த்து, பக்கத்து வீட்டு மேப்பிளும் துளிர்த்துவிடும். மல்பெரி மட்டும் வெறும் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று தோண்டி எறிகிறார்கள். மல்பெரி தாமதமாகத்தான் விழிக்கும், பின்பனியிலிருந்து தப்பிப்பதே அதனால்தான். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஜூன் வரை பொறுங்கள். இளமரத்தில் நுனி கருகுவது சகஜம், காய்ந்ததை மட்டும் வெட்டினால் போதும். ஆனால் ஒட்டுக்கு மேலே முழுவதும் கருகி, கீழேயிருந்து மட்டும் துளிர் வந்தால் அது நீங்கள் வாங்கிய ரகம் அல்ல, ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் வேறு மரத்தின் துளிர்.

நுனிக் கருகலைப் பாதி நாமே வரவழைக்கிறோம். ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து போட்டால் மரம் இலையுதிர் காலத்திலும் வளர்ந்துகொண்டே இருக்கும். முற்றாத அந்தக் கிளை முதல் கடுங்குளிரிலேயே போய்விடும். தொட்டியில் வைத்தால் இன்னும் கவனம், கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. வெப்பமூட்டாத கராஜுக்குள் நகர்த்திவிடுங்கள்.

மூடாக்கு போடலாம், தண்டைத் தொடக் கூடாது. அதற்குள் எலி குடியேறிப் பட்டையைக் கொறிக்கும். முயலுக்குக் கம்பி வலை கட்டுகிறவர்கள் பனி குவிந்தால் முயல் அதன்மேல் ஏறி நிற்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வலையின் உயரத்தைப் பனிக்கு மேலிருந்து கணக்கிடுங்கள்.

அப்புறம், கார் நிறுத்தும் இடத்துப் பக்கம் மட்டும் நட வேண்டாம். பழம் விழும், பறவை தின்னும், இரண்டின் கறையும் உங்கள் கார்மேல்தான்.