கோடைக்கால நகரத் திட்டமிடல் படிப்புக்குப் போகிறீர்களா? 600 மீட்டர் வட்டத்தை இங்கிருந்தே போடக் கற்றுக்கொள்ளுங்கள்

ஐரோப்பாவில் வெளிநாட்டு மாணவர்களுக்காக நடத்தும் நிலைத்த நகரத் திட்டமிடல், வடிவமைப்புப் படிப்புகள் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். போனதும் ஓர் இடத்தைக் காட்டி, பல நாட்டுப் பிள்ளைகளை ஒரே குழுவில் உட்கார வைத்து, "இந்த இடத்தை ஆராய்ந்து வாருங்கள்" என்பார்கள். வரைபடம் போடத் தெரிந்தவர் தலையில் பாதி வேலை விழும். அந்த ஆள் நீங்களாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் இந்தப் பதிவு. விசா, உதவித்தொகை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே அது இல்லை.

எடுத்துக்காட்டுக்குக் கோபன்ஹேகனை எடுத்துக்கொள்கிறேன். 1947இல் வந்த 'விரல் திட்டம்' இந்தத் துறையில் எல்லோரும் முதலில் படிப்பது. ரயில் பாதைகளை ஒட்டி ஊர் விரல்களாக நீள வேண்டும், விரல்களுக்கு இடையில் பசுமை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன் இன்றைய வடிவத்தில் ஒரு விதி: 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய அலுவலகங்கள் ரயில் நிலையத்திலிருந்து சுமார் 600 மீட்டருக்குள் வர வேண்டும். ஆகவே அங்கே எந்த இடத்தைக் கொடுத்தாலும், யாராவது ஒருவர் நிலையத்தைச் சுற்றி 600 மீட்டர் வட்டம் கேட்பார்.

படி 1: மென்பொருள்

கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள். இலவசம். புதிய பதிப்பு வேண்டாம், 'நீண்டகால ஆதரவு' என்று போட்டிருக்கும் பதிப்பை எடுங்கள். படிப்பு நடக்கும்போது பிளக்-இன் (கூடுதல் கருவி) வேலை செய்யாமல் போனால் அழுகைதான் வரும். மாணவர் உரிமத்தில் இதே வேலைக்கான ஆர்க்ஜிஐஎஸ் மென்பொருள் கிடைக்கும்தான். ஆனால் குழுவில் எல்லோருடைய லேப்டாப்பிலும் அது இருக்காது. கூகுள் மேப் ஸ்கிரீன்ஷாட் மேல் கோடு போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. மவுஸ் ஒன்று கட்டாயம் எடுத்துப் போங்கள்.

படி 2: தரவு

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச உலக வரைபடத்திலிருந்து தரவை இறக்கும் குயிக்ஓஎஸ்எம் பிளக்-இன் நிறுவுங்கள். இடமாகக் கோபன்ஹேகனின் நோர்ட்ஹவ்ன் பகுதியை வைத்துக்கொள்வோம். பழைய துறைமுகம், இப்போது குடியிருப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. வேண்டியதெல்லாம் ஐந்து நிமிட நடையில் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் வகுத்த பகுதி. வரைபடத்தை அங்கே பெரிதாக்கி, 'பில்டிங்', 'ஹைவே', 'ரயில்வே' ஆகிய மூன்று சொற்களுக்கும் தனித்தனியே தரவை இறக்குங்கள். வருவது தற்காலிக லேயர் (வரைபடத்தின் ஓர் அடுக்கு), மூடினால் போய்விடும். உடனே ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையில் சேமியுங்கள். ஷேப்ஃபைல் என்ற பழைய வகை வேண்டாம்: நெடுவரிசைப் பெயரைப் பத்து எழுத்தில் வெட்டிவிடும், டேனிஷ் எழுத்துகள் பல நேரம் கேள்விக்குறியாகிவிடும்.

படி 3: இங்கேதான் எல்லாம் கெடும்

இந்தப் படிக்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான்.

பின்னணிக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை முதலில் போட்டிருப்பீர்கள். முதலில் வந்த லேயரின் ஆயமுறையைத்தான் (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) கியூஜிஐஎஸ் முழுத் திட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளும். இங்கே அது ஈபிஎஸ்ஜி 3857 (ஒவ்வோர் ஆயமுறைக்கும் இப்படி ஓர் எண் உண்டு), அதாவது இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறை. குயிக்ஓஎஸ்எம் தரும் லேயரோ 4326, அலகு பாகை. ஒன்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு எல்லை போடும் பஃபர் கருவியைத் திறந்தால் 'டிகிரி' என்று காட்டி எச்சரிக்கும். "சரி, திட்டத்தின் ஆயமுறையிலேயே சேமித்துவிடுவோம்" என்று 3857இல் சேமிப்பீர்கள். இப்போது பெட்டியில் 'மீட்டர்' என்று வரும். எச்சரிக்கை போய்விடும். 600 என்று அடிப்பீர்கள். வட்டம் அழகாக வரும்.

ஆனால் அது 600 மீட்டர் இல்லை. ஏறக்குறைய 338 மீட்டர்.

மெர்கேட்டர், நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கும். கோபன்ஹேகன் இருப்பது ஏறக்குறைய 55.7 பாகை வடக்கில். அங்கே இழுப்பு 1.77 மடங்கு. அதனால் அந்த 'மீட்டர்' உண்மை மீட்டரில் பாதிக்குச் சற்று மேல்தான். சென்னையை வைத்துப் பழகியவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் 13 பாகையில் அதே தவறு 584 மீட்டர் தரும். பதினாறு மீட்டர் குறைந்ததை யார் பார்க்கப்போகிறார்கள்? ஊரில் சரியாக வந்த அதே முறை வடக்கே போனதும் ஏமாற்றும்.

செய்ய வேண்டியது: பிராசஸிங் டூல்பாக்ஸில் 'ரீபுராஜெக்ட் லேயர்' கருவியைத் திறந்து, எல்லா லேயரையும் ஈபிஎஸ்ஜி 25832க்கு (டென்மார்க்கில் பயன்படும் மீட்டர் ஆயமுறை, யுடிஎம் 32ஆம் மண்டலம்) மாற்றுங்கள். திட்டத்தின் ஆயமுறையையும் அதற்கே மாற்றுங்கள். 'செட் லேயர் சிஆர்எஸ்' வேறு. அது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், புள்ளிகளை நகர்த்தாது. அதைத் தொட்டால் உங்கள் நோர்ட்ஹவ்ன் நிலநடுக்கோட்டை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் கணக்குப்படி கோபன்ஹேகன் 33ஆம் மண்டலத்தில் வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: உண்மைதான், 12 பாகைக் கிழக்கைத் தாண்டிவிடுகிறது. ஆனாலும் டேனிஷ் அரசுத் தரவு கோபன்ஹேகனுக்கும் 32ஆம் மண்டலத்தையே பயன்படுத்துகிறது. அதனால் வரும் பிழை 600 மீட்டருக்கு ஒரு சாணுக்கும் குறைவு. மாநகராட்சியின் கோப்போடு பொருந்துவதுதான் முக்கியம்.

முடித்ததும் அளக்கும் கருவியால் வட்டத்தின் ஆரத்தை அளந்து பாருங்கள். அது இயல்பாகவே பூமியின் வளைவைக் கணக்கில் எடுப்பதால் உண்மையைச் சொல்லிவிடும்.

படி 4: வட்டத்தை நம்பாதீர்கள்

நோர்ட்ஹவ்னில் உள்ள ஓரியன்ட்காய் மெட்ரோ நிலையத்தைச் சுற்றி வட்டம் போட்டால் அதில் கணிசமான பகுதி கடல்நீர். 2020இல் திறந்த நிலையம், துறைமுகத் தண்ணீரை ஒட்டியே நிற்கிறது. எதிர்க்கரையில் இருப்பவர் வட்டத்துக்குள் இருக்கிறார் என்று சொன்னால் அவரால் நீந்தியா வர முடியும்? ஆசிரியர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

அதற்கு 'நெட்வொர்க் அனாலிசிஸ்' பிரிவில் 'சர்வீஸ் ஏரியா' இருக்கிறது. ஹைவே லேயரிலிருந்து விரைவுச்சாலைகளை நீக்கிவிட்டு, நிலையத்தைத் தொடக்கமாக வைத்து, 600 கொடுங்கள். நடந்து எட்டக்கூடிய தெருக்கள் கோடுகளாக வரும். அதைப் பரப்பாக்க, வெளிப்புள்ளிகளைச் சுற்றிக் கயிறு கட்டுவது போன்ற 'கான்வெக்ஸ் ஹல்' போடாதீர்கள், மறுபடி தண்ணீரை விழுங்கிவிடும். கோடுகளுக்கு 25 மீட்டர் பஃபர் போட்டு ஒன்றாகச் சேர்த்தால் போதும்.

வட்டத்தையும் இதையும் ஒரே தாளில் மெல்லிய கோடு, அடர்ந்த நிறம் என்று வைத்தால் விளக்கவுரையே தேவைப்படாது.

பின்சேர்க்கை 1: தெருக்கள் பாதியில் அறுந்து நிற்கின்றன என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நடைச் சதுக்கங்கள் கோடாக வராமல் பரப்பாக, வேறு லேயரில் வந்திருக்கும். சதுக்கத்தின் குறுக்கே கையால் கோடு வரைந்து இணையுங்கள். கோட்டின் முனை தெருக்கோட்டின் ஒரு புள்ளியில் ஒட்ட வேண்டும். ஸ்னாப்பிங்கை இயக்கிவிட்டு வரையுங்கள்.

பின்சேர்க்கை 2: சைக்கிளுக்குப் பேர்போன ஊரில் சைக்கிள் பாதையே குறைவாக வருகிறதே என்று இன்னொருவர். 'ஹைவே' சொல்லின் கீழ் 'சைக்கிள்வே' என்று தேடினால் தனித்து ஓடும் பாதைகள்தான் வரும். தெருவோரப் பாதைகள் அந்தத் தெருக்கோட்டின் பண்பாகவே பதிந்திருக்கும். 'சைக்கிள்வே' என்று தொடங்கும் நெடுவரிசைகளில் 'டிராக்' என்ற மதிப்பை வடிகட்டிப் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: மழைநீர் பற்றிய படிப்புக்குப் போகிறவர்களுக்கு உயரத் தரவு வேண்டும். டேனிஷ் அரசின் தரவுத் தளத்தில் 0.4 மீட்டர் கட்ட அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. கோப்பு பெரிது, விடுதி வைஃபையை நம்பாமல் கிளம்பும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.