13 வாரப் பணியில் நியூ ஆர்லியன்ஸை அறிந்துகொள்வது எப்படி?

அமெரிக்காவில் பயணச் செவிலியர்களின் (ஊர் விட்டு ஊர் சென்று குறுகிய காலம் பணிபுரியும் செவிலியர்களின்) ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரங்களே நீடிப்பதால், நியூ ஆர்லியன்ஸில் பணி கிடைத்தவர்கள் ஊரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், பணி அட்டவணை கைக்கு வந்த அன்றே ஓய்வு நாள்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். 12 மணி நேர இரவுப் பணி முடிந்த காலையில் எங்கும் கிளம்ப வேண்டாம், முதலில் உறக்கம்.

உணவைத் திங்கட்கிழமையில் தொடங்குங்கள். முற்காலத்தில் இந்நகரில் துணி துவைக்கும் நாளாக இருந்த அன்று, அருகில் நிற்கத் தேவையின்றி மெல்ல வேகட்டும் என்று அடுப்பில் ஏற்றப்பட்ட சிவப்பு பீன்ஸ், சோற்றுடன் இன்றும் பல உணவகங்களில் திங்கட்கிழமை உணவாகவே பரிமாறப்படுகிறது. அடுத்தது கம்போ. மாவைக் கொழுப்பில் இட்டுப் பழுப்பு நிறம் வரும்வரை கைவிடாமல் கிளறி, வெங்காயம், செலரி, குடைமிளகாய் சேர்த்துக் கொதிக்கவைக்கும் இந்தக் குழம்பின் பெயர், வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. அதில் பன்றி இறைச்சியோ இறாலோ இருக்கக்கூடும் என்பதால், அவற்றை உண்ணாதவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

1862 முதல் இயங்கும் கஃபே டு மோண்டில், சர்க்கரைத் தூள் குவித்த பென்யே என்னும் எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டத்தைச் சிக்கரி காபியுடன் உண்ணுங்கள்; கும்பகோணம் டிகிரி காபியில் ஊறிய நாக்குக்கு அந்த மணம் மிகவும் நெருக்கமானது. பின்னர், 1835-இல் தொடங்கிய செயின்ட் சார்லஸ் தடத்தின் டிராமில் சன்னலோரம் அமர்ந்து, ஓக் மரங்களின் நிழலில் கடைசி நிறுத்தம் வரை செல்லுங்கள்.

நல்ல சிறிய கடைகளை அறிய, உங்கள் வார்டில் பணிபுரியும் உள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள்.