வாயைத் திறக்கச் சொல்லுங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் செவிலியர் தங்கைகளே, பிரஷர் பார்க்க வரும் 30 வயது தாண்டிய எல்லோரையும், வாய்ப் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க, வாயைத் திறக்கச் சொல்லுங்கள். டார்ச், கையுறை, ஒரு துண்டு காஸ் துணி போதும்.

"புகையிலை போடுவீங்களா?" என்றால் இல்லை என்றுதான் வரும். "எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்று கேளுங்கள், விரல் தானாகக் கன்னத்துக்குப் போகும். பல்செட்டைக் கழற்றி, வாய் கொப்பளிக்கச் சொல்லி, அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். பிறகு ஈறு, அண்ணம். நாக்கு நுனியைக் காஸால் பிடித்து இழுத்து இரண்டு ஓரங்களையும், தூக்கச் சொல்லி அடியையும் பாருங்கள். கூட்ட நேரத்தில் நாம் கோட்டை விடுவது இங்கேதான்.

துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு (இதற்கு இன்னும் பயப்பட வேண்டும்), இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், தடிப்பு, அவருடைய மூன்று விரல் நுழையாத வாய், கழுத்தில் கட்டி: எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டி அன்றைக்கே மேல் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்குங்கள். பி காம்ப்ளெக்ஸ் கொடுத்து அனுப்பாதீர்கள். நான் ஒருமுறை அனுப்பினேன். அந்த அண்ணன் மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

சீட்டோடு விடாமல் போன் நம்பரும் வாங்குங்கள். முடிந்தால் அவர் மனைவியின் நம்பர்.